கடைக்குப் பூட்டு, கடலுக்குப் புறப்பாடு
நடுத்தர வயதுத் தம்பதியர் கப்பல் பயணம் தேர்ந்தெடுக்கும் முறை



வருடம் முழுவதும் காலை ஆறு மணிக்கு ஷட்டரைத் தூக்கி, இரவு பத்து மணிக்கு இறக்குகிறவர்கள் நாம். மே 5 வணிகர் தினத்தன்று மாநாட்டுக்காகக் கடையை மூடுகிறோம். அதை விட்டால், நெருங்கிய சொந்தத்தில் துக்கம் நேர்ந்தால்தான் பூட்டு. சுற்றுலா என்ற பேச்சு வந்தால் "சீசன் முடியட்டும்" என்போம். சீசன் முடிந்தால் வசூல். வசூல் முடிந்தால் அடுத்த சீசன்.

டார்கெட் முடித்ததற்காகக் கம்பெனிக்காரர்கள் கொடுத்த டீலர் டூரில் நம்மில் சிலர் வெளிநாடு போய் வந்திருக்கிறோம். ஆனால் அந்த டிக்கெட் பெரும்பாலும் வியாபாரிக்கு மட்டும்தான். நாம் மதியம் சாப்பிடப் போகும்போதெல்லாம் கல்லாவில் உட்கார்ந்து சில்லறை எண்ணிய வீட்டம்மாவுக்கு அதில் இடமில்லை.

எனக்கு விழுப்புரத்தில் மளிகைக் கடை. வயது 56. என் மனைவிக்கு 51. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. "கடைதான் எங்கள் பிள்ளை" என்று சொல்லிச் சொல்லியே 27 வருடம் ஓடிவிட்டது. திண்டிவனத்தில் மொத்த வியாபாரம் செய்துவந்த நண்பர் ஒருவர் காலமானார். காரியத்துக்குப் போயிருந்தபோது, அவருடைய துணைவியார் பீரோவிலிருந்து இரண்டு பாஸ்போர்ட்டுகளை எடுத்துக் காட்டினார். ஒரு முத்திரைகூட விழவில்லை. காலாவதியாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மனைவி ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை, "ஆடியில நாலு நாள் கடையைச் சாத்தினா என்னங்க ஆயிடும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததே இக்கட்டுரை. நாங்கள் விசாரித்தும், போய் வந்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். பிள்ளைகளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

கப்பல் நமக்குப் புதிதல்ல

1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் 1973 வரை சென்னையையும் நாகப்பட்டினத்தையும் பினாங்கு, சிங்கப்பூருடன் இணைத்தது. அதன்பின் 'சிதம்பரம்' கப்பல் ஓடியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அது தீப்பற்றிப் பலர் உயிரிழந்த பிறகு அந்தப் பயணிகள் சேவை நின்றுபோனது. நம் முன்னோர் பொருள் தேடத்தான் கப்பல் ஏறினார்கள். ஓய்வெடுப்பதற்காகக் கப்பல் ஏறுவது நம் தலைமுறைக்கு வந்த வாய்ப்பு.

2022 ஜூனில் கார்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசப் பயணத்தைத் தொடங்கியது. 2023 ஜூனில் சென்னையிலிருந்தே அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் சென்றது. இக்கப்பல் 1990இல் பிரான்சில் கட்டப்பட்டது. சுமார் 1,800 பயணிகளை ஏற்றக்கூடியது. பழைய கப்பலாயிற்றே என்று கேட்கலாம். பழைய கிடங்கானாலும் ஒழுகாமல், எலி இல்லாமல் வைத்திருந்தால் சரக்கு கெடுவதில்லை. கட்டிய வருடத்தை விடப் பராமரிப்பைப் பாருங்கள். அண்மையில் போய் வந்த இரண்டு பேரிடமாவது விசாரியுங்கள்.

ஊரைப் பார்த்துப் பதியாதீர்கள்

2022 ஜூனில் இக்கப்பல் புதுச்சேரிக்கு வருவதாக அறிவிக்கப்பட்டிருந்தது. கப்பலில் சூதாட்டக் கூடம் இருப்பதாக எதிர்ப்பு எழுந்தது. அங்கு நிற்க அனுமதி கிடைக்கவில்லை. கப்பல் வாசல்வரை வந்தும் பயணிகளால் இறங்க முடியவில்லை. வானிலை, அனுமதி, துறைமுக நெரிசல் என்று எந்தக் காரணத்தாலும் ஓர் ஊர் விடுபடலாம். அப்படி விட்டுப்போகக் கம்பெனிக்கு உரிமை உண்டென்று டிக்கெட்டின் பின்பக்க நிபந்தனைகளிலேயே இருக்கும்.

ஆகவே ஊருக்காகப் பதியாமல் கப்பலுக்காகவே பதிய வேண்டும். திண்டிவனத்துக்காரர் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் புதுச்சேரி. அதைக் கடல் வழியாகப் பார்க்க அதிகப் பணம் கொடுப்பானேன்? முதன்முறை போகிறவர்களுக்கு இரண்டு இரவு போதும். இடையில் எங்கும் நிற்காமல் கடலைச் சுற்றித் திரும்பும் பயணமாக இருந்தாலும் குறையில்லை. பிடித்திருந்தால் அடுத்த வருடம் இலங்கை, அதற்கடுத்து சிங்கப்பூர் என்று பார்த்துக்கொள்ளலாம்.

எந்த மாதம்?

அரபிக்கடலில் தென்மேற்குப் பருவமழை கொந்தளிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில்தான் மும்பைப் பக்கம் ஓடும் கப்பல் சென்னைக்கு வந்திருக்கிறது. இது நமக்கு நல்ல பொருத்தம். ஆடியில் கல்யாணச் சாமான் சீட்டு வராது. நெல்லும் உளுந்தும் மண்டிக்கு வந்து குவியும் தை, மாசி நெருக்கடியும் அப்போது இல்லை. ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். அது வங்கக்கடலில் புயல் காலம், நமக்கும் தீபாவளி வியாபாரம். கப்பல் அட்டவணை வருடத்துக்கு வருடம் மாறும். ஆகவே சித்திரையிலேயே கேட்டு வையுங்கள்.

பிள்ளைகள் இல்லாமல் போகிறவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. பள்ளி விடுமுறையைப் பற்றிக் கவலையில்லை. சனி, ஞாயிறை விட்டுவிட்டு வார நடுவில் கிளம்பும் பயணத்தைத் தேர்ந்தெடுத்தால் கட்டணமும் குறையலாம், கூட்டமும் இரைச்சலும் குறையும். பதியும் முன், "அந்தத் தேதியில் பெரிய கம்பெனி டூர் ஏதும் இருக்கிறதா?" என்று கேளுங்கள். நானூறு டீலர்கள் மொத்தமாக ஏறினால் கப்பல் என்ன பாடுபடும் என்பது நமக்கே தெரியும்! சிங்கப்பூரிலிருந்து போவதானால் அங்கு பள்ளி விடுமுறை வரும் ஜூனையும் டிசம்பரையும் தவிர்க்கலாம். ராயல் கரீபியன் கப்பல்கள் பலவற்றில் பெரியவர்களுக்கென்று தனி நீச்சல்குளப் பகுதி உண்டு. மேல்நாட்டில் வர்ஜின் வாயேஜஸ் போன்ற கம்பெனிகள் 18 வயதுக்குக் கீழ் யாரையும் ஏற்றுவதே இல்லை.

அறை

ஜன்னல் இல்லாத உள்ளறை, கடல் தெரியும் ஜன்னல் அறை, பால்கனி உள்ள அறை என்று படிப்படியாக விலை ஏறும். தூங்க மட்டும் அறை போதும் என்றால் உள்ளறை எடுக்கலாம். ஆனால் விளக்கை அணைத்தால் இரவா பகலா என்று தெரியாது. எங்களைப் போல 27 வருடத்தில் ஒரு முறை போகிறவர்கள் ஜன்னல் அறையாவது எடுப்பது நல்லது.

வகையைப் போலவே இடமும் முக்கியம். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. உச்சித் தளத்திலும் முன்முனையிலும் அதிகம். ஆடல் அரங்குக்கு மேலேயோ லிஃப்டுக்குப் பக்கத்திலேயோ அறை கொடுத்தால் மாற்றிக் கேளுங்கள். இரண்டு தனிக் கட்டிலா, சேர்ந்த கட்டிலா என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் லிஃப்ட் எவ்வளவு தூரம் என்றும் கேட்கலாம்.

அடக்க விலை கணக்கு

விளம்பரத்தில் போடும் தொகை, ஓர் அறையில் இருவர் தங்கினால் ஒருவருக்கு ஆகும் தொகை. நாங்கள் முதலில் பேசிய ஏஜெண்ட் ஒருவர் இதை வாயைத் திறந்து சொல்லவில்லை. துறைமுகக் கட்டணம், பணியாளர் சேவைக் கட்டணம், வரி மூன்றையும் கடைசியில்தான் ஏற்றினார். நாங்கள் வேறிடம் போனோம். மூட்டை விலையோடு லாரி வாடகை, இறக்குக் கூலி சேர்த்து அடக்கம் போடுகிற நாம் இங்கு ஏமாறலாமா? உதாரணத்துக்கு ஒரு கணக்கு:

விளம்பரத் தொகை ஒருவருக்கு 20,000 என்றால், இருவருக்கு 40,000 ரூபாய்.
துறைமுகம், சேவை, வரி என 12,000.
ரயில், முதல் நாள் சென்னையில் தங்கல் 4,000.
கப்பலில் கைச்செலவு 6,000.
ஆக 62,000 ரூபாய்.

இவை மாதிரித் தொகைகளே. ஆனால் கணக்கு போடும் முறை இதுதான். பொதுவான உணவுக்கூடச் சாப்பாடு, கலை நிகழ்ச்சிகள், நீச்சல்குளம் கட்டணத்தில் அடங்கும். மது, இணையம், மசாஜ், சிறப்பு உணவகம், கரையில் சுற்றிப் பார்ப்பது எல்லாம் தனி. கப்பலில் கொடுக்கும் அட்டையில் பற்று எழுதி, இறங்கும்போது மொத்தமாக வசூலிப்பார்கள். கடன் நோட்டைப் போலத்தான். தினமும் இரவு ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சூதாட்டக் கூடத்தின் பக்கம் கல்லாவைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். வெளிநாட்டு டூர் என்றால் டி.சி.எஸ். பிடிப்பார்கள். ரசீதை ஆடிட்டரிடம் கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் சரிசெய்துகொள்ளலாம். நாம் ரத்து செய்தால் எத்தனை நாளைக்கு முன் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

உடம்பும் சாப்பாடும்

சைவம், ஜைன உணவு இரண்டும் கிடைக்கின்றன. பதியும்போதே சொல்லிவிடுவது நல்லது. புளியோதரை கட்டிக்கொண்டு போகலாம் என்று நினைத்தோம். வெளி உணவுக்கு அனுமதியில்லை. இஸ்திரிப் பெட்டி, கெட்டில் போன்றவற்றையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருந்தை இரு மடங்காக எடுத்து, கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். கப்பலில் டாக்டர் உண்டு, கட்டணம் அதிகம். குமட்டல் வருமோ என்று பயப்படுகிறவர்கள் நம் ஊர் டாக்டரைக் கேட்டு மாத்திரை வாங்கிக்கொள்ளலாம். பயணக் காப்பீடும் அவசியம்.

பெரிய மேஜையில் பலரோடு உட்கார்ந்தால் பேச்சு வளரும். "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்ற கேள்வியும் வரும். அது பிடிக்காதவர்கள் இருவர் மேஜை கேட்டு வாங்கலாம். கேட்டால் கொடுக்கிறார்கள்.

கடையைக் கட்டுவது

மாதாமாதம் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்பவர்கள் 11, 20 தேதிகளை ஒட்டிப் போக வேண்டாம். கரையை விட்டால் செல்போன் சிக்னல் இல்லை. ஓ.டி.பி. வராது, அதனால் கம்பெனிகளுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை முன்பே அனுப்பிவிடுங்கள். பால், தயிர் வரத்தை நிறுத்துங்கள். பத்து நாள் முன்னதாகவே பலகையில் தேதி எழுதி வையுங்கள். நம்பிக்கையான ஆள் இருந்தால் திறக்கலாம். அரைகுறை நம்பிக்கை என்றால் பூட்டிவிடுவதே மேல். இல்லாவிட்டால் நடுக்கடலிலும் மனம் கல்லாவில்தான் இருக்கும்.

கப்பல் சென்னைத் துறைமுகத்தில் நிற்கும். ரயிலில் தாம்பரமோ எழும்பூரோ இறங்கி, மின்சார ரயிலில் கடற்கரை நிலையம் போனால் துறைமுகம் பக்கம்தான். உள்நாட்டுப் பயணத்துக்கு அரசு அடையாள அட்டை போதும். இலங்கைக்கு, பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட் வேண்டும்.

பெரிய கப்பல் வேண்டாம் என்றால்

நாகப்பட்டினம்–காங்கேசன்துறை பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது. சுமார் நான்கு மணி நேரப் பயணம். யாழ்ப்பாணத்தில் தங்கி நல்லூர்க் கந்தனையும் நயினாதீவு அம்மனையும் தரிசிக்கலாம். ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழா. மொழிக் கஷ்டமும் இல்லை. வானிலையைப் பொறுத்துச் சேவை மாறும்.

கடல் பயமென்றால் ஆலப்புழைப் படகுவீடு. ஓர் அறைப் படகு தம்பதியருக்கென்றே கிடைக்கும். மழைக்காலத்தில் வாடகையும் குறைவு. இரவில் கரையோரம் கட்டிவிடுவார்கள். ஏ.சி. முழு நேரமா, இரவு மட்டுமா என்று கேட்டுப் பதியுங்கள்.

நாங்கள் நான்கு நாள் கடையைப் பூட்டினோம். நான்கு நாள் விற்பனை போனது. ஒரு கடன் வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போனார். பத்து நாளில் திரும்பி வந்துவிட்டார். நஷ்டம் அவ்வளவுதான். இரண்டாம் நாள் விடியற்காலை மேல்தளத்தில் நின்றபோது என் மனைவி சொன்னார்: "காலையில பால் பாக்கெட் எண்ணாம சூரியனைப் பார்க்கிறது இதுதாங்க முதல் தடவை." அதை எந்தப் பக்கம் வரவு வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

வணிகப் பெருமக்களே! இன்று இரவு கடையைக் கட்டியதும் பீரோவைத் திறந்து உங்கள் பாஸ்போர்ட்டின் தேதியைப் பாருங்கள். பிறகு வீட்டில் கேளுங்கள். தேதியை அவர்கள் சொல்லட்டும்.