மூணு பம்பு, ஒரு புல்லி: எங்க அம்பாசடர் சொல்லிக் கொடுத்த பாடம்

இன்னைக்கு கோடு, சர்வர் எதுவும் இல்லை. எங்க வீட்டுக் காரைப் பத்திப் பேசப் போறேன். பழைய வண்டி வச்சிருக்கிற யாருக்காவது இதனால ஒரு வாட்டர் பம்ப் காசு மிச்சமானா சந்தோஷம்.

கார், அம்பாசடர் மார்க் 4. தாத்தா 1986ல வாங்கினது. இப்போ மயிலாப்பூர் வீட்டு வாசல்ல நிக்குது, அப்பாதான் ஓட்டுறார். ஒன்றரை வருஷத்துல மூணு வாட்டர் பம்ப் போச்சு. முதல் தடவை தி.நகர் பனகல் பார்க் சிக்னல்ல. அடுத்தது லஸ் கார்னர்ல. மூணாவது தடவை அடையாறு திரு.வி.க. பாலத்து மேல. பின் சீட்ல பாட்டி, டாக்டர்கிட்ட போற வழி. பானெட்ல இருந்து ஆவி வருது, பின்னாடி பஸ் ஹார்ன் அடிக்குது. பாட்டியை ஆட்டோவுல ஏத்தி அனுப்பிட்டு வந்த அப்பா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார்: "போதும்டா. எஃப்சி காட்டறதுக்குள்ள யாருக்காவது கொடுத்துடலாம்."

நான் ஒரு மாசம் டைம் கேட்டேன்.

முதல்ல இந்த இன்ஜினைப் பத்திக் கொஞ்சம். அம்பாசடர், இங்கிலாந்தோட மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 காரை வச்சு வந்தது. 2014 வரைக்கும் மேற்கு வங்காளத்துல உத்தர்பாராவுல தயாரானது. எங்க வண்டியில இருக்கறது 1489 சிசி பிஎம்சி பி-சீரிஸ் பெட்ரோல் இன்ஜின். 1955ல வந்த எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரும் இதே குடும்பத்து இன்ஜின்ல ஓடினதுதான். அதாவது, இந்த பம்ப் டிசைன் உலகம் முழுக்க பல வருஷம் ஒழுங்கா வேலை செஞ்ச டிசைன். மூணு தடவை தொடர்ந்து செத்தா, வேற ஏதோ அதைக் கொல்லுதுன்னு அர்த்தம்.

இதுல கிராங்க், வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர் மூணையும் ஒரே வி-பெல்ட் சுத்துது. (எங்க வண்டியில ஆல்டர்னேட்டர் பின்னாடி மாத்தினது.) பம்போட முன்பக்கத்துல ஒரு ஹப் இருக்கு. புல்லியும் ரேடியேட்டர் ஃபேனும் அந்த ஹப்லதான் போல்ட் போட்டு மாட்டியிருக்கும். பம்ப் ஷாஃப்ட் தண்ணியை மட்டும் தள்ளலை. ஃபேனோட எடை, பெல்ட்டோட இழுவை ரெண்டையும் சேர்த்துத் தாங்குது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

வாட்டர் பம்ப் சாகறதுக்கு மூணு வழி இருக்கு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு தடயம் விட்டுட்டுப் போகும்.

ஒண்ணு, இம்பெல்லர். உள்ளே தண்ணியைத் தள்ளுற சக்கரம். இது துருப்பிடிச்சோ அரிச்சுப் போயோ இருந்தா, காரணம் பெரும்பாலும் தண்ணி. கூலன்ட் இல்லாம வெறும் போர் தண்ணியை ஊத்துற பழக்கம் நம்ம ஊர்ல உண்டு. நம்ம போர் தண்ணியைக் காய்ச்சின பாத்திரத்துல வெள்ளையா உப்பு படியும் இல்லையா, அதேதான் இன்ஜின் உள்ளேயும் படியும்.

ரெண்டு, சீல். ஷாஃப்ட் வெளியே வர்ற இடத்துல தண்ணியைத் தடுக்கறது. பம்ப் உடம்புல, சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவுல, கீழ்ப்பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். சீல் போச்சுன்னா அது வழியா தண்ணி சொட்டும். அந்த ஓட்டை ஒரு எச்சரிக்கை மணி. சில பேர் அதை எம்-சீல் வச்சு அடைச்சுடுவாங்க. தயவுசெய்து பண்ணாதீங்க. வெளியே வர வேண்டிய தண்ணி பேரிங்குக்குள்ள போகும்.

மூணு, பேரிங். இன்ஜின் நல்லா ஆறின பிறகு ஃபேன் பிளேடைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்க. ஹப் ஆடினா பேரிங் போச்சு. பெல்ட் ரொம்ப டைட்டா இருக்கலாம். புல்லிகள் ஒரே நேர்கோட்டுல இல்லாம இருக்கலாம். ஃபேன் பிளேடு வளைஞ்சு பேலன்ஸ் போயிருக்கலாம்.

மெக்கானிக் அண்ணன்கிட்ட, "அண்ணே, பழைய பம்ப் இருக்கா?"ன்னு கேட்டேன். நல்ல வேளை, மூணையும் ஒரு மூலையில போட்டு வச்சிருந்தார். "எதுக்கு தம்பி, எடைக்குப் போடவா?"ன்னு சிரிச்சார்.

மூணையும் வரிசையா வச்சுப் பார்த்தோம். இம்பெல்லர் மூணுமே நல்லா இருந்தது. அப்போ தண்ணி முதல் குற்றவாளி இல்லை. மூணுலயும் ஓட்டை வழியா தண்ணி சொட்டின கறை. அதனாலதான் ஒவ்வொரு தடவையும் "சீல் போச்சு"ன்னு முடிவாச்சு. ஆனா ஷாஃப்டைப் பிடிச்சு ஆட்டினா, மூணும் ஆடுது. ஷாஃப்ட் ஆடினா சீலோட முகம் ஒழுங்கா ஒட்டி உட்காராது. சீல் போனது விளைவு. முதல்ல போனது பேரிங்.

பேரிங் ஏன் போகுது? பெல்ட்டைக் கட்டைவிரலால அழுத்திப் பார்த்தேன். நீளமான பக்கத்து நடுவுல அழுத்தினா கிட்டத்தட்ட அரை இன்ச் இறங்கணும். எங்க பெல்ட் வீணைக் கம்பி மாதிரி நின்னது. "லூஸா வச்சா கத்துது தம்பி, அதான்"னார் அண்ணன். அவர் சொன்னது நிஜம்தான். அப்போ அடுத்த கேள்வி: சரியான டென்ஷன்ல ஏன் கத்துது?

பெல்ட்டைக் கழட்டினதும் பதில் கிடைச்சது. வி-பெல்ட் பிடிக்கறது புல்லி பள்ளத்தோட ரெண்டு பக்கச் சுவர்ல. அடியைத் தொடவே கூடாது. எங்க பம்ப் புல்லியில பள்ளத்தோட அடி வெள்ளி மாதிரி பளபளன்னு இருந்தது. சுவர் தேய்ஞ்சு, பெல்ட் உள்ளே இறங்கி, அடியில உட்கார்ந்து வழுக்கியிருக்கு.

இப்போ முழுக் கதையும் புரியுது. பெல்ட் வழுக்குது, கத்துது. டைட் பண்றோம். அந்த இழுவை பேரிங் மேல விழுது. பேரிங் தேயுது, ஷாஃப்ட் ஆடுது, சீல் ஒழுகுது. ஒழுகற தண்ணி பெல்ட் மேல தெறிக்குது, இன்னும் வழுக்குது. இன்னும் டைட் பண்றோம். பெல்ட் வழுக்கினா பம்பும் மெதுவா சுத்தும், ஃபேனும் மெதுவா சுத்தும். ஐடிலிங்ல ஏற்கெனவே ரெண்டும் மெதுவு, எதிர்க்காத்தும் கிடையாது. ஈசிஆர்ல ஜம்முனு போன வண்டி தி.நகர் சிக்னல்ல கொதிச்சதுக்கு அதான் காரணம்.

ஒவ்வொரு தடவையும் பம்ப் புதுசு. ஆனா பழைய பம்ப்ல இருந்து கழட்டி புதுசுல மாட்டினது அதே புல்லி. கொலைகாரனை நாமளே கூட்டிட்டு வந்து அடுத்த வீட்டுல குடி வச்சிருக்கோம்.

ஜிபி ரோட்லயும் புதுப்பேட்டையிலயும் ரெண்டு சனிக்கிழமை அலைஞ்சு தேயாத புல்லி ஒண்ணு பிடிச்சேன். சரியான அகலத்துல பெல்ட், வளையாத ஃபேன், டிஸ்டில்டு வாட்டர் கலந்த கூலன்ட், அரை இன்ச் டென்ஷன். நாலாவது பம்ப் மாட்டி பதினாலு மாசம் ஆச்சு. ஓட்டைக்குக் கீழே வச்ச அட்டை இன்னும் காய்ஞ்சே இருக்கு. எஃப்சியும் முடிஞ்சது.

நீங்க செய்ய வேண்டியது மூணுதான். பழைய பம்பைக் கடையிலயே விட்டுட்டு வராதீங்க, கேட்டு வாங்கிப் பாருங்க. புது பம்ப் மாட்டும்போது பழசுல இருந்து எதெல்லாம் கழட்டி மாட்டறாங்கன்னு கவனிங்க. சூட்டுல இருக்கிற ரேடியேட்டர் மூடியை எந்த அவசரத்துலயும் திறக்காதீங்க, உள்ளே அழுத்தத்துல இருக்கிற கொதிநீர் முகத்துல பீய்ச்சி அடிக்கும்.

ஆபீஸ்ல கிராஷ் ஆன சர்வரை லாக் பார்க்காம ரீஸ்டார்ட் பண்ணா நாங்களே திட்டுவோம். வீட்டுல மூணு தடவை அதையேதான் செஞ்சிருக்கோம்.

போன வெள்ளிக்கிழமை பாட்டி அதே பாலத்து மேல, அதே பின் சீட்ல போனாங்க. இறங்கும்போது கேட்டாங்க: "இன்னைக்கு ஆட்டோ கிடையாதாடா?"