கோடியக்கரையில் எங்கே தங்கலாம்?

வலசைப் பறவைகளைப் பார்க்க வையம்பட்டியிலிருந்து கோடியக்கரைக்குப் புறப்படுவோர், அறை வசதியைவிடத் தூரத்தையே முதலில் கணக்கில் எடுப்பது நல்லது. 1967-இல் சரணாலயமாகி, 2002-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த அரிய இடம் அது. சதுப்பில் கூட்டமாக மேயும் பூநாரைகளையும் உள்ளான்களையும் தெளிவாகப் பார்க்க விடியற்காலைதான் ஏற்றது. வெயில் ஏறினால் கானல் கிளம்பி, தொலைநோக்கியில்கூட உருவம் கலங்கித் தெரியும். வேதாரண்யத்தில் விடுதியும் சாப்பாடும் சுலபமாகக் கிடைக்குமே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டர் வந்து சேர்வதற்குள் அந்த அருமையான நேரம் கைநழுவிவிடும். எனவே கோடியக்கரையிலேயே வனத்துறை விடுதி கிடைக்குமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். கிடைக்காவிட்டால் வேதாரண்யத்தில் தங்கி, விடியுமுன் கிளம்ப முந்தின இரவே வண்டி பேசி வையுங்கள். ஒரே நாளில் வீடு திரும்ப வேண்டியவர்களுக்கு, பறவைகளைப் பார்க்க அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி இருக்கிறது.