நண்பருக்காகத் தட்டச்சு செய்த கவிஞர்

குழந்தைகளுக்காக எழுதியவர்கள் – 9

எழுதிச் சம்பாதித்தே குடும்பத்தைத் தாங்கிய ஈடித் நெஸ்பிட்டைச் சென்ற வாரம் பார்த்தோம். அவருக்கு ஒரு தலைமுறை பின்னால் வந்த எலினார் ஃபார்ஜன் பள்ளிக்கூடமே போகாமல் வீட்டிலேயே படித்தவர். 1881-இல் லண்டனில் பிறந்தார். சின்ன வயதிலிருந்தே பார்வை மங்கல். உடம்பு அடிக்கடி படுத்தும். வெளியாட்களைக் கண்டால் கூச்சம். ஆனால் அவர் வளர்ந்த வீட்டில் புத்தகத்துக்குப் பஞ்சமே இல்லை.

அப்பா பெஞ்சமின் ஃபார்ஜன் நாவலாசிரியர். இளம் வயதில் ஆஸ்திரேலியத் தங்க வயல்களுக்குக் கப்பலேறியவர். பிறகு நியூசிலாந்தின் டனீடின் நகரில் பத்திரிகை வேலை பார்த்தார். அங்கிருந்து சார்லஸ் டிக்கன்ஸுக்குத் தன் எழுத்தை அனுப்பிவைக்க, அவரிடமிருந்து பதில் வந்தது. அந்தக் கடிதம் கொடுத்த தெம்பில் 1868-இல் இங்கிலாந்துக்கே திரும்பிவிட்டார். அம்மா மார்கரெட், அமெரிக்காவின் பெரும் நடிகர் ஜோசஃப் ஜெஃபர்சனின் மகள். அண்ணன் ஹாரி இசையமைப்பாளர் ஆனார். தம்பிகளில் ஜோசஃப் துப்பறியும் நாவல்களுக்குப் போனார், ஹெர்பெர்ட் நாடகத்துக்கு.

அந்த வீட்டில் மற்ற அறைகளில் இடமில்லாமல் போன புத்தகங்களெல்லாம் ஓர் அறையில் வந்து குவிந்தன. வகை பிரிப்பதும் இல்லை, தூசி தட்டுவதும் இல்லை. குழந்தைக்கு இது, பெரியவருக்கு அது என்ற தடையும் இல்லை. அந்தச் சின்னப் புத்தக அறைதான் எலினாரின் பள்ளிக்கூடம்.

இன்னொரு பள்ளிக்கூடம் விளையாட்டு. ஹாரி ஒரு வார்த்தை சொன்னால் போதும், அண்ணனும் தங்கையும் கதைமாந்தர்களாகவே மாறிவிடுவார்கள். அப்படியே மணிக்கணக்கில் பேசி வாழ்வார்கள். ஐந்து வயதில் தொடங்கிய இந்த விளையாட்டு இருபது வயதைத் தாண்டியும் நிற்கவில்லை. தன்னை வளரவிடாமல் தடுத்ததும் இதுதான், தன் எழுத்துக்குச் சரளம் தந்ததும் இதுதான் என்று பிற்பாடு எலினாரே நினைவுகூர்ந்தார்.

முப்பது வயதை ஒட்டித்தான் அவர் வெளியுலகத்துக்கு வந்தார் எனலாம். எட்வர்ட் தாமஸின் நட்பு கிடைத்ததும் அப்போதுதான். வயிற்றுப்பாட்டுக்காக ஓயாமல் உரைநடையும் மதிப்புரையும் எழுதிக் களைத்திருந்தவர் தாமஸ். மனைவியும் மூன்று குழந்தைகளும் உண்டு. அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்ட் தூண்ட, 1914-இன் கடைசியில் அவர் கவிதை எழுதத் தொடங்கினார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட கவிதைகள் பிறந்தன. அவற்றைத் தட்டச்சு செய்துகொடுத்தவர் எலினார். தாமஸை அவர் காதலித்தார். சொன்னால் நட்பே முறிந்துவிடும் என்று சொல்லாமல் இருந்தார். தாமஸின் மனைவி ஹெலனுக்கு இது தெரியும். ஆனாலும் ஹெலனும் எலினாரும் கடைசிவரை தோழிகள்.

தாமஸ் ராணுவத்தில் சேர்ந்து பிரான்சுக்குப் போனார். எலினார் அனுப்பிய ஆப்பிள் பெட்டிக்குள் ஈஸ்டர் முட்டை ஒன்று ஒளிந்திருந்தது. அதற்கு நன்றி சொல்லி அவரிடமிருந்து கடிதமும் வந்தது. 1917 ஏப்ரல் 9, ஈஸ்டர் திங்கட்கிழமை. ஆராஸ் போரின் முதல் நாளிலேயே தாமஸ் உயிரிழந்தார்.

இந்த நட்பை ஏமாந்துபோன ஒரு பெண்ணின் கதையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. நண்பரின் கவிதைகளைத் தட்டச்சு செய்த அதே காலத்தில்தான், லண்டன் இடப்பெயர்களை வைத்து அவர் கட்டிய குழந்தைப் பாடல்கள் 1916-இல் நூலாயின. தாமஸ் போன பிறகு சஸெக்ஸின் ஹௌட்டன் கிராமத்தில் ஒரு குடிசை வீட்டில் போய்த் தங்கினார். பிரான்சில் போர்முனையில் இருந்த இன்னொரு வீரருக்குக் கதைகள் எழுதி அனுப்பினார். அவைதான் 1921-இல் ‘மார்ட்டின் பிப்பின் இன் தி ஆப்பிள் ஆர்ச்சர்ட்’ என்ற நூலாக வந்தன. பெரியவர்களுக்கென்று எழுதிய காதல் கதைகளைப் பிள்ளைகளும் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்.

1937-இல் வந்த அடுத்த மார்ட்டின் பிப்பின் நூலில் எல்ஸி பிடாக் என்ற சிறுமி வருகிறாள். கயிறு தாண்டுவதில் தேவதைகளே மெச்சும் கைகாரி. கிராமத்துப் பிள்ளைகள் காலங்காலமாகக் கயிறு தாண்டும் காபர்ன் குன்றில் தொழிற்சாலை கட்டப் புதிய ஜமீன்தார் கிளம்புகிறார். எல்லாரும் கடைசியாக ஒருமுறை தாண்டிக்கொள்ளட்டும், கடைசி ஆள் கால் தடுக்கி நின்றதும் கட்டடம் எழும்பலாம் என்று ஒப்பந்தம். எல்லாரும் ஓய்ந்த பிறகு 109 வயதுக் கிழவியாக எல்ஸி வந்து கயிற்றைக் கையில் எடுக்கிறாள். அவள் நிறுத்தவே இல்லை. பொது நிலத்துக்காக இத்தனை துள்ளலோடு வாதாடிய குழந்தைக் கதை வேறொன்றை நான் படித்ததில்லை.

‘டெய்லி ஹெரால்டு’ என்ற தொழிலாளர் நாளிதழில் ‘டாம்ஃபூல்’ என்ற புனைபெயரில் பல ஆண்டுகள் அவர் கவிதை எழுதினார். பெர்ஸி டியர்மர் தொகுத்த துதிப்பாடல் நூலுக்காக, ஸ்காட்லாந்தின் மல் தீவைச் சேர்ந்த ஒரு பழைய மெட்டுக்கு வார்த்தை போட்டுக்கொடுத்தார். 1931-இல் வந்த அந்தப் பாடல் ‘மார்னிங் ஹேஸ் புரோக்கன்’. ஒவ்வொரு விடியலையும் உலகின் முதல் விடியலாகக் காணும் பாட்டு. 1971-இல் கேட் ஸ்டீவன்ஸ் பாடி அது உலகெங்கும் பரவியபோது, எழுதியவர் மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

தன் கதைகளில் சிறந்தவற்றைத் தொகுத்து 1955-இல் அவர் வெளியிட்ட நூலுக்கு ‘தி லிட்டில் புக்ரூம்’ என்று பழைய புத்தக அறையின் பெயரையே வைத்தார். எட்வர்ட் ஆர்டிசோன் படம் வரைந்தார். அந்த நூலுக்குக் கார்னகி பதக்கம் கிடைத்தது. 1956-இல் உலக அளவிலான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது, அதைப் பெற்றவரும் அவரே. ‘டேம்’ பட்டம் தேடி வந்தபோது மட்டும் மறுத்துவிட்டார். பால்காரரிலிருந்து வேறுபட்டவளாக ஆக விருப்பமில்லை என்பதே அவர் சொன்ன காரணம். 1958-இல் தாமஸின் கடிதங்களைத் தொகுத்து, அவருடைய கடைசி நான்கு ஆண்டுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். எலினார் 1965 ஜூன் 5 அன்று காலமானார்.

பிரிட்டனில் அவர் பெயரால் 1966 முதல் ஒரு விருது வழங்கப்படுகிறது. குழந்தைப் புத்தக உலகுக்குச் சேவை செய்தவர்களுக்கான விருது அது. எழுத்தாளர்கள் மட்டுமல்ல, பதிப்பாசிரியர்களும் நூலகர்களும் புத்தகக் கடைக்காரர்களும் அதைப் பெற்றிருக்கிறார்கள். இன்னொருவர் எழுதியதை உரிய கைகளில் சேர்ப்பதும் இலக்கியப் பணியே என்று வாழ்ந்து காட்டியவருக்கு இதைவிடப் பொருத்தமான மரியாதை கிடையாது.

(தொடரும்)

அடுத்த வாரம்: வால்டர் டி லா மேர்