துபாஷி கைவிட்டால் கீபோர்டு ஊமையா?

உள்ளே வந்து கதவைச் சாத்துங்கள், ஏர்கோன் ஓடுகிறது. இது பாயான் லெப்பாஸில் ஒரு மாடி அறை. கூரைக்கு மேலே விமானம் உரசுவதுபோல் இறங்கினால் பயம் வேண்டாம், பினாங்கு விமான நிலையம் பக்கத்தில்தான். மேசைமேல் யமஹா டிஎக்ஸ்7, 1983-இல் வந்த ரகம். அருகில் புத்தம்புது விண்டோஸ் 11 மடிக்கணினி. கல்யாண மேடைகளில் வாசிக்கும் அண்ணன் இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறார். "பழைய கம்ப்யூட்டர்ல நல்லா பேசுனுச்சு தம்பி. இப்ப வாயே தொறக்கல!"

எனக்கோ துள்ளிக் குதிக்கத் தோன்றியது. இப்படியொரு கேஸ் தினமும் கிடைக்குமா?

முதல் விஷயம்: கீபோர்டின் மேல் பழி போடாதீர்கள். 1983 ஜனவரியில் அமெரிக்காவின் 'நாம்' (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில் டேவ் ஸ்மித்தின் ப்ராஃபெட்-600-ம் ரோலண்டின் ஜூபிட்டர்-6-ம் ஒரே ஒயரில் பேசிக்கொண்டனவே, அந்த மிடி மொழி இன்றும் அப்படியேதான் இருக்கிறது. ஐந்து முள் சொருகி, நொடிக்கு 31,250 பிட். ஒரு கட்டையைத் தட்டினால் மூன்று பைட் கிளம்பும்: எந்த சேனல், எந்தக் கட்டை, எவ்வளவு வேகம். மூன்றும் போய்ச் சேர ஒரு மில்லிநொடிகூட ஆகாது. கணினியில் இசை கோர்த்த படம் என்று பேர் வாங்கிய 'புன்னகை மன்னன்' 1986-இல் வந்தது. அன்றைய கீபோர்டு ஒன்றை இன்று எடுத்து வந்தாலும் அதன் பேச்சில் ஓர் எழுத்து மாறியிருக்காது.

கிழடு தட்டியது நடுவில் நிற்கும் டிரைவர் என்னும் நிரல். பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்கு மொழிபெயர்த்த துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை எப்படியோ, கணினிக்கு டிரைவர் அப்படி. துபாஷி இல்லாவிட்டால் இரு பக்கமும் முழிக்க வேண்டியதுதான். விண்டோஸ் 11 முழுக்க 64-பிட், ஆகவே 32-பிட் டிரைவருக்கு வாசலிலேயே தடை. 64-பிட் டிரைவராக இருந்தாலும் பழசு என்றால் 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற காவலாளி சிலவற்றை உள்ளே விடுவதில்லை. மேக்கிலும் 2019-இல் கேட்டலினா வந்தபோது 32-பிட் நிரல்கள் ஒரே இரவில் அநாதையாயின. இதில் ரொம்பப் பாவம், கீபோர்டின் மிடியைக் கணினியின் யுஎஸ்பியோடு இணைக்கும் பழைய மிடிஸ்போர்ட் 2x2 போன்ற பெட்டிகள். செருகும்போதெல்லாம் டிரைவர்தான் அவற்றுக்கு ஃபர்ம்வேரை ஊட்ட வேண்டும். டிரைவர் வராவிட்டால் அந்தப் பெட்டிக்குத் தான் யார் என்றே தெரியாது!

அண்ணனின் பெட்டியும் அநாதைக் கூட்டத்தில் ஒன்று. திருகைக் கழற்றி மூடியைத் திறந்தோம். அடடா! மிடி உள்ளே வரும் இடத்தில் எட்டுக் கால் சில்லு, முதுகில் 6என்138 என்று பொடி எழுத்து. இதற்குப் பெயர் ஆப்டோகப்ளர். மின்சாரம் இதைத் தாண்டாது. உள்ளே குட்டி எல்இடி மினுக்க, எதிரில் உள்ள உணரி பார்த்துக்கொள்ளும். கணினியின் 'ம்ம்ம்' இரைச்சல் ஒயர் வழியாக ஸ்பீக்கருக்கு ஏறாமல் தடுப்பது இந்த இருட்டறைதான். மிடி விதிநூலே பெயர் சொல்லிக் குறிப்பிடும் சில்லு இது, எச்பி வகை. அந்த எச்பி 1972-இல் இங்கே கடை விரித்தது! பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரத்தில் முதலில் கால்பதித்த 'எட்டு சாமுராய்' நிறுவனங்களில் அதுவும் ஒன்று. இன்னொரு சாமுராய் இன்டெல். அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை இங்கே நெல்வயலில் போட்ட நிறுவனம். பரோடாவில் படித்த அஜய் பட் யுஎஸ்பி வேலையை நடத்தியதும் அதே இன்டெல்லில்தான். ஒரு மிடிப் பெட்டியின் இரண்டு முனையிலும் நம்ம பேட்டைச் சொந்தக்காரர்கள். அண்ணனிடம் சொன்னேன். "அதான் இவ்ளோ திமிரு" என்றார்.

சரி, வைத்தியம்? 1999-இல் வந்த யுஎஸ்பி மிடி பொதுவிதியின்படி பேசும் பெட்டிக்குத் தனி டிரைவர் தேவையில்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் துபாஷி முன்கூட்டியே குடியிருக்கிறார். ரோலண்ட் யுஎம்-ஒன் எம்கே2 என்ற பெட்டியில் ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும். 'டேப்' (TAB) பக்கம் தள்ளினால் அது பொதுவிதிக்கு மாறிவிடும். பெட்டியை மாற்றினோம், சுவிட்சைத் தள்ளினோம், மிடி செய்திகளைக் காட்டும் மிடி-ஆக்ஸ் நிரலைத் திறந்தோம். ஒன்றுமில்லை. ஒயரில் 'இன்' என்று எழுதியதைக் கீபோர்டின் 'இன்'னிலேயே அண்ணன் செருகியிருந்தார்! கீபோர்டின் அவுட்டுக்கு மாற்றியதும் திரையில் எஃப்இ, எஃப்இ, எஃப்இ என்று கொட்டியது. வாசிக்காதபோதும் "நான் இருக்கேன்" என்று கீபோர்டு அனுப்பிக்கொண்டே இருக்கும் செய்தி அது. அண்ணன் கை தட்டினார், நான் விசில் அடித்தேன்.

பெரிய பரீட்சை இனிமேல்தான். டிஎக்ஸ்7 சேமித்திருக்கும் 32 ஓசைகளையும் கணினிக்கு நகலெடுத்தால் 4,104 பைட், ஒரே மூச்சில் வரும். ஒயரில் அதற்கு 1.3 நொடி. மலிவான ஒயர்கள் இங்கேதான் மூச்சுத் திணறி நடுவில் பைட்டைக் கோட்டைவிடும். நம்ம பெட்டி ஒன்றைக்கூட விடவில்லை. திருப்பி அனுப்பியபோது கீபோர்டு முறைத்தது: மெமரி ப்ரொடெக்டை அணைக்க வேண்டும், 'சிஸ் இன்ஃபோ'வைத் திறக்க வேண்டும். இரண்டும் செய்தோம், 32 ஓசையும் வீடு திரும்பின.

"அப்ப அடுத்த அப்டேட் வந்தா?" என்றார் அண்ணன்.

"கல்யாணத்துக்கு மொத நாள் மட்டும் அமுக்காதீங்கண்ணே."