வேலிக்கு வெளியே – 7
யார் காணியில் யார்?

விழிஞ்ஞம் துறைமுக வாசலில் 2022-ல் மீனவர்கள் போட்ட சமரப் பந்தலைச் சென்ற வாரம் பார்த்தோம். அதை அகற்றச் சொல்லி வழக்கு உயர்நீதிமன்றம் வரை போனது. வாசலுக்கு அந்தப் பக்கம் இருப்பது இராணுவம் என்றால் என்ன ஆகும்? இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

நான் இருக்கும் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் இராணுவத்தைக் கண்டு யாரும் ஒதுங்குவதில்லை. பழவங்காடி கணபதி கோவிலை நடத்துவதே இந்திய இராணுவம்தான். திருவிதாங்கூர் நாயர் படை வழிபட்ட பிள்ளையார் அவர். பஸ் பிடிக்க ஓடுகிறவர்களும் அவருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் ஓடுகிறார்கள். இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்புலவில் நிலைமை வேறு.

2009-ல் போர் முடிந்தபின் அந்த ஊர்ச் சனங்கள் மெனிக் பாம் முகாமில் அடைக்கப்பட்டார்கள். 2012 செப்டம்பரில் முகாம் மூடப்பட்டது. வீட்டுக்குப் போகிறோம் என்று நம்பியவர்களைக் காடு வெட்டிய ஓர் இடத்தில் இறக்கிவிட்டார்கள். பிறகு அதற்கு ‘மாதிரிக் கிராமம்’ என்று பெயரும் வைத்தார்கள். அவர்களுடைய சொந்தக் காணியில் இராணுவத் தலைமையகம் நின்றது. நந்திக்கடல் களப்பை நம்பிப் பிழைத்த குடும்பங்களுக்குக் களப்புக்குப் போகும் வழியும் அடைபட்டது.

2017 ஜனவரி 31 அன்று, பக்கத்துப் பிலவுக்குடியிருப்பு மக்கள் விமானப்படை முகாம் வாசலில் போய் உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் பெண்கள். சமையல், உறக்கம், பிள்ளைகளின் படிப்பு எல்லாமே பந்தலில்தான். மார்ச் 1-ல் சுமார் 40 ஏக்கர் திரும்பக் கிடைத்தது. அதே நாளில் கேப்பாப்புலவு மக்களும் இராணுவ முகாமுக்கு எதிரே பந்தல் போட்டார்கள். 138 குடும்பங்கள், 482 ஏக்கர் என்பது அவர்கள் வைத்த கணக்கு. டிசம்பர் 28-ல் 133 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. ஆனால் எல்லோருக்கும் காணி கிடைக்கவில்லை. மிச்சக் காணிக்காக இரண்டு ஆண்டுகளைத் தாண்டியும் அவர்கள் தெருவோரத்திலேயே இருந்தார்கள்.

இங்கே ஒன்றை நிறுத்தி யோசிக்க வேண்டும். பந்தலில் இருப்பவர்களைத்தான் ‘அத்துமீறியவர்கள்’ என்று எந்த அரசும் சொல்லும். கேப்பாப்புலவில் காணிக்குச் சொந்தக்காரர்கள் தெருவில் இருந்தார்கள்; காணிக்குள் இருந்தது படை.

இங்கிலாந்தின் கிரீன்ஹம் காமன் இதே கேள்வியை நீதிமன்றத்தில் வைத்தது. அமெரிக்க ஏவுகணைகள் வரவிருந்த விமானப்படைத் தளத்துக்கு 1981 செப்டம்பரில் கார்டிஃபிலிருந்து நடந்துவந்த பெண்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். 1982-லிருந்து வெளியேற்றங்கள் தொடங்கின. கூடாரங்களைப் பிடுங்கிக் குப்பை லாரியில் எறிந்தார்கள். பெண்களும் பழகிக்கொண்டார்கள். மரக்கிளையை வளைத்து மேலே பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டால் அதுதான் வீடு. ஆட்கள் வருவது தெரிந்ததும் பாய் படுக்கையைக் குழந்தை வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு நகர்வார்கள். லாரி போனதும் திரும்பி வருவார்கள்.

தளத்துக்குள் நுழைவதைக் குற்றமாக்கி 1985-ல் அரசு துணைவிதிகள் கொண்டுவந்தது. அவற்றின்படி இரண்டு பெண்கள் தண்டிக்கப்பட்டார்கள். 1990-ல் பிரபுக்கள் சபை அந்தத் தண்டனையை ரத்து செய்தது. அந்த நிலம் ஊர்ப் பொது நிலம். அதில் மேய்ச்சல் முதலிய உரிமைகள் ஊராருக்கு உண்டு. அவற்றைப் பாதிக்கும் துணைவிதி செல்லாது என்பது தீர்ப்பு. 1991-ல் கடைசி ஏவுகணையும் போய்விட்டது. பெண்கள் 2000 வரை இருந்தார்கள்.

மேய்ச்சல் உரிமைக்கே அங்கே அந்த மதிப்பு. கேப்பாப்புலவு மக்கள் கேட்டதோ தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீட்டு நிலத்தை. பாதுகாப்பு என்ற ஒரு சொல் அந்தக் கேள்வியை வாயடைக்க விடக்கூடாது. ஒரு பந்தலைப் பிரிக்க உத்தரவில் கையெழுத்திடும் அதிகாரி, எதிரே இருக்கும் முகாமின் நிலப் பத்திரத்தையும் எடுத்துப் படிக்க வேண்டும். படிக்காமல் போடும் உத்தரவு எதுவானாலும், அது சட்டம் ஒழுங்கின் பெயரால் நடக்கும் இரண்டாவது பறிப்பு.

அடுத்த வாரம்: பீரங்கிப் பயிற்சிக்கு நிலம் தர மாட்டோம் என்று 1994-ல் எழுந்து நின்ற நேதர்ஹாட் ஆதிவாசிகள்.