முழங்கைக்கு மேலே முறிந்தால்

திருகோணமலைத் துறைமுகத்தின் பெருமையைப் பேசுவோர் நெல்சன் தளபதியின் பெயரைக் கூறாது விடுவதில்லை. ‘சீஹோர்ஸ்’ என்னும் போர்க்கப்பலில் இளைஞனாகக் கீழைக் கடல்களிலே பணிபுரிந்த காலத்தில், 1775ஆம் ஆண்டளவில், அவன் இங்கும் வந்து சென்றான் என்பர். அவனுடைய வலக்கை போன கதை நம்மூரில் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1797ஆம் ஆண்டு யூலை மாதத்து இரவொன்றில், தெனெரீப் தீவிலே படகிலிருந்து கரையிறங்கும் வேளையில், துப்பாக்கிக் குண்டொன்று அவனுடைய முழங்கைக்குச் சற்று மேலே பாய்ந்து எலும்பைச் சிதைத்தது. எலும்போடு அதன் அயலிலே ஓடும் பெருநாடியும் அறுந்தது. உடனிருந்த மனைவியின் மகன் கழுத்துத் துணியால் இறுகக் கட்டி இரத்தப் பெருக்கை நிறுத்தினான். அன்றிரவே கப்பலில் வைத்துக் கை வெட்டி அகற்றப்பட்டது. அவ்விடத்தில் எலும்பும் நாடியும் எத்துணை நெருங்கிய அயலவர் என்பதற்கு இதனிலும் பெரிய சான்று வேண்டியதில்லை.

குழந்தையின் கை முறிவதற்கோ குண்டு வேண்டியதில்லை. கொய்யா மரத்தின் தாழ்ந்த கிளையோ, வீட்டு மதிலோ, பள்ளிக்கூட முற்றத்து ஊஞ்சலோ, டச்பே மணலில் ஏற்றிவிடப்பட்ட வள்ளத்தின் விளிம்போ போதும். விழுகின்ற பிள்ளை கையை நீட்டி நிலத்தில் ஊன்றுவது இயல்பு. சிறுவரின் முழங்கையைச் சூழ நிகழும் முறிவுகளில் மிகுதியானது, புயவெலும்பின் கீழ்முனைக்குச் சற்று மேலே உண்டாகும் முறிவேயாகும். ஐந்து முதல் ஏழு வயது வரையுள்ள பிள்ளைகளிடம் இதனை அதிகமாகக் காண்கிறோம்.

தோளிலிருந்து திரண்டு உருண்டு இறங்கிவரும் புயவெலும்பு, முழங்கையை அணுகும்போது தட்டையாகி அகல்கிறது. அங்கே முன்புறம் ஒரு குழியும் பின்புறம் ஒரு குழியும் உள்ளன. கையை நீட்டும்போது முன்கையெலும்பின் மொக்கு பின்குழியிலே சென்று பொருந்தும். இரு குழிகளுக்கும் நடுவே எஞ்சியிருப்பது மெல்லிய தகடு ஒன்றே. நீட்டிய கையின்மேல் உடலின் பாரம் விழும்போது அம்மொக்கு நெம்புகோலாகி அவ்விடத்தை உடைக்கிறது. கீழ்த்துண்டு பின்னோக்கி நழுவ, மேல்துண்டின் கூரிய விளிம்பு முன்னோக்கித் தள்ளுகிறது. கைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் புயநாடியும், பெருவிரலையும் சுட்டுவிரலையும் மடக்கும் நடுநரம்பும் அம்முன்புறத்திலேதான் அருகருகே செல்கின்றன.

ஆகவே, எலும்பைக் குறித்து நாம் அஞ்சவேண்டியது சிறிதே. குழந்தையின் எலும்பு மூன்று நான்கு கிழமைகளிற் கூடிவிடும். அஞ்சவேண்டியது விரல்களைக் குறித்தே. ஜெர்மனியின் ஹாலே நகரத்துச் சத்திர வைத்தியர் ரிச்சர்ட் போன் போல்க்மன் 1881ஆம் ஆண்டில் இதனை விளக்கினார். இறுகக் கட்டப்பட்ட கைகளிலே விரல்கள் மடங்கி விறைத்துப் போவதற்கு நரம்பின் சோர்வு காரணமன்று. இரத்தம் கிடையாத தசைகள் செத்துச் சுருங்குவதே காரணம் என்றார். இவரே ரிச்சர்ட் லெயாண்டர் என்னும் புனைபெயரிற் சிறுவர்க்கு அழகிய கதைகள் எழுதியவர் என்பதை வாசகர் அறிந்தால் மகிழ்வர். இரத்தம் தடைப்பட்ட தசை ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு மேல் தாங்காது என்பது இன்றைய வைத்திய அறிவு.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம்மிடம் ஒரு மாணவன் கற்றான். இடக்கையால் எழுதுவான், மெதுவாகவே எழுதுவான். வலக்கை எப்பொழுதும் மேசையின் கீழே இருக்கும். சோம்பல் என்று கருதி நாம் அவனை இருமுறை கடிந்துகொண்டோம். மூன்றாம் முறை அவன் ஒன்றும் பேசாது வலக்கையை மேசைமேல் வைத்தான். விரல்கள் பருந்தின் நகங்கள்போல் உள்நோக்கி வளைந்திருந்தன; மணிக்கட்டை மடக்கினாலன்றி அவை நீளா. ஆறு வயதில் வள்ளத்திலிருந்து விழுந்தானாம். பத்தை வைத்து இறுகக் கட்டினார்களாம். இரவு முழுவதும் அழுதிருக்கிறான். “முறிந்தால் நோகத்தானே செய்யும்” என்று பெரியோர் ஆறுதல் கூறியிருக்கின்றனர். மூன்றாம் நாள் விரல்கள் கறுத்த பின்னரே கட்டு அவிழ்க்கப்பட்டது. நாம் கடிந்துகொண்ட அவ்விரு நாள்களையும் இன்னும் மறக்க இயலவில்லை.

முறிவு நெரிவு வைத்தியத்தை இகழ்வது நம் கருத்தன்று. தலைமுறை தலைமுறையாக அக்கலையைப் பேணிவந்த பரியாரிமார் எத்தனையோ எளிய முறிவுகளைச் செம்மையாகக் கூட்டியிருக்கின்றனர். ஆயினும் இம்முறிவு மட்டும் அவர்களிடம் முதலிற் செல்லத்தக்கதன்று. முதல் நாளிலே வீக்கம் மணிக்கு மணி ஏறும், கட்டு ஏறாது. அவ்விரண்டுக்கும் இடையில் நாடி நசுங்கும். வைத்தியசாலையிற் போட்ட சாந்துக் கட்டுக்கும் இது பொருந்தும் என்பதைத் தாய்மார் மறக்கலாகாது.

விழுந்த பிள்ளையின் கையை இழுத்து நேராக்க முயலுதல் கூடாது. எண்ணெய் பூசி உருவுதலும் கூடாது. காப்பு, மோதிரம், கைநூல் யாவற்றையும் வீக்கம் ஏறுமுன் கழற்றிவிட வேண்டும். சற்றே மடங்கிய நிலையில், கை எப்படி இருக்கிறதோ அப்படியே, மடித்த நாளிதழையோ அட்டையையோ கீழே தாங்கலாக வைத்துத் தளர்வாகக் கட்டுக. அழுகையைத் தணிக்கத் தேநீரும் பிஸ்கோத்தும் கொடுப்பது நம் வழக்கம். அதனையும் தவிர்க்க வேண்டும். மயக்க மருந்து கொடுப்பதற்கு வயிறு வெறுமையாக இருத்தல் அவசியம். பின்னர் விரல்நகத்தை அழுத்தி விடுக. வெளுத்த நகம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். விரல்கள் குளிர்ந்தோ, வெளுத்தோ, நீலித்தோ, மரத்தோ இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது. வைத்தியசாலையிற் கட்டுப் போட்ட பின்னரும், மருந்துக்கு அடங்காது வலி ஏறினால், அல்லது மடங்கிய விரலைப் பிறர் மெல்ல நீட்டும்போது பிள்ளை வீறிட்டால், நடுநிசியானாலும் திரும்பிச் செல்க.

கிண்ணியாவிலிருந்து வருவோர் ‘பாதை’ என வழங்கிய மிதவைக்குக் கரையிலே காத்துநின்ற காலம் ஒன்றிருந்தது. 2009இற் பாலம் திறக்கப்பட்டதும் அத்தாமதம் நீங்கியது. 2016இல் நாட்டில் தொடங்கப்பெற்ற ‘சுவசெரிய’ அம்புலன்சை 1990 என்னும் இலக்கத்தில் இலவசமாக அழைக்கலாம்.

வைத்தியசாலையில் எக்ஸ்ரே படம் பார்த்தபின் முறிவின் தரத்தை வகுப்பர். எலும்பு விலகாதிருந்தால் சாந்துக் கட்டோடு மூன்று கிழமை போதும். விலகியிருந்தால் பிள்ளையை மயக்கி, எலும்பைத் தோலின் வெளியிலிருந்தே கையால் நேராக்கி, மெல்லிய உருக்குக் கம்பிகள் இரண்டு மூன்றைத் தோலினூடாகச் செலுத்தி நிறுத்துவர். கம்பி என்றவுடன் பெற்றோர் கலங்குவதுண்டு. கலங்கவேண்டியதில்லை. கம்பி எலும்பைப் பிடித்துக்கொள்வதால் முழங்கையை மிகுதியாக மடக்கிக் கட்டவேண்டிய தேவை நீங்குகிறது. நாடிக்கும் இடம் கிடைக்கிறது. நாடித்துடிப்பு நின்ற கைகள் பலவற்றில் எலும்பு நேரானவுடனேயே துடிப்பு மீளும். மீளாது கை வெளுத்தே கிடந்தால் நாடியைத் திறந்து பார்ப்பர். நரம்பு நசுங்கியிருந்தால் பெருவிரல் நுனியும் சுட்டுவிரல் நுனியும் வளைந்து வட்டமாகச் சேரா. பெரும்பாலும் சில மாதங்களில் அது தானே சீராகும்.

மூன்று நான்கு கிழமைகளிற் கம்பி கழற்றப்படும்போது முழங்கை விறைத்துத்தான் இருக்கும். இங்கேதான் பாட்டிமாரின் அன்பு இடையூறாகிறது. நல்லெண்ணெயைக் காய்ச்சி உருவி, கையை வலிந்து நீட்டினால் தசைக்குள்ளே எலும்பு வளர்ந்து மூட்டையே பூட்டிவிடக்கூடும். எலும்பு கோணிக் கூடியிருந்தால் கை சற்று உள்வளைந்து தோன்றும். அது பார்வைக்குக் குறையேயன்றிப் பெரும்பாலும் வேலைக்குத் தடையன்று. விரும்பினாற் பின்னர்த் திருத்தலாம். விறைப்புக்கோ பிள்ளையைப் பிள்ளையாகவே விட்டுவிடுதல் போதும். தானே சோறு அள்ளி உண்ணட்டும், தலை வாரட்டும், பந்து உருட்டட்டும். முதலில் கை வாயை எட்டும். சில கிழமைகள் கழித்துத் தோளை எட்டும். முற்றாக நீள்வதற்கு மாதங்கள் சில செல்லும்.