டிக்கெட்டுக்குள் இருந்தது

திருச்சி விமான நிலைய வாசலில் எப்போது போனாலும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். பெட்டி தரையில் திறந்து கிடக்கும். பக்கத்தில் குத்துக்காலிட்டு இரண்டு பேர். ஒருவர் கையில் கொக்கி வைத்த சின்னத் தராசு. "பருப்புப் பொடிய எடு, ஊறுகாய் இருக்கட்டும்." "ஊறுகாய்தாங்க கனமே." சித்திரை வெயிலில் ஒரு பையன் இரண்டு சட்டை போட்டு, அதன்மேல் ஜாக்கெட்டும் மாட்டிக்கொண்டு வியர்த்து நிற்பான். உடம்பில் போட்டிருப்பதற்கு இன்னும் யாரும் கட்டணம் கேட்க ஆரம்பிக்கவில்லை.

போன வருஷம் மகளைப் பார்க்கக் கோலாலம்பூர் புறப்பட்ட பெரியப்பாவை நான்தான் கூட்டிப்போனேன். இந்தக் கூத்தைப் பார்த்து, "நாங்க போன காலத்துல இதெல்லாம் கிடையாதுப்பா" என்றார். பாதிதான் உண்மை. எடை வரம்பு அப்போதும் இருந்தது. ஆனால் அவர் சொல்ல வந்தது எனக்குப் புரிந்தது.

1987-ல் அலுவலக வேலையாக மீனம்பாக்கத்திலிருந்து பம்பாய்க்குப் பறந்தவர் அவர். எங்கள் குடும்பத்தில் முதல் ஆள். அந்தக் கதையை நாங்கள் நூறு தடவையாவது கேட்டிருப்போம். ஏறி உட்கார்ந்ததும் தட்டில் மிட்டாயும் காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சும் வந்தன. மேலே போனதும் அலுமினியத் தாள் மூடிய சூடான சாப்பாடு. கூடவே எவர்சில்வர் ஸ்பூன். சாப்பாடு வயிற்றுக்குள் போனது, ஸ்பூன் கைப்பைக்குள் போனது. பெரியம்மாவின் சர்க்கரை டப்பாவில் இன்றைக்கும் அதுதான் கிடக்கிறது.

அன்றைய டிக்கெட், மெஸ்ஸில் வாங்கும் முழுச் சாப்பாட்டு டோக்கன் மாதிரி. ஒரு தடவை காசு கொடுத்தால் இலை போட்டதிலிருந்து வெற்றிலை பாக்கு வரை எல்லாம் அதற்குள் அடக்கம். அப்படித் தாராளமாக இருந்ததற்குக் காரணம் மனசு அல்ல, போட்டி இல்லாததுதான். 1953-ல் விமான நிறுவனங்கள் அரசுடைமையாயின. அந்தச் சட்டம் 1994-ல்தான் நீங்கியது. பயணிக்கு வேறு போக்கிடம் கிடையாது. வெளிநாட்டுத் தடங்களில் பறந்த ஏர் இந்தியா 1967-ல் பயணிகளுக்குப் பரிசாகக் கொடுக்க ஒரு பீங்கான் சாம்பல் கிண்ணத்தை ஓவியர் சால்வதோர் தாலியை வைத்து வடிவமைத்தது. அவர் கூலியாகக் கேட்டது ஒரு யானைக்குட்டி. அனுப்பியும் வைத்தார்கள். இன்று எந்த நிதி அதிகாரியிடமும் அப்படி ஒரு வவுச்சரை நீட்டிக் கையெழுத்து வாங்கிவிட முடியாது.

டோக்கன் முறை முதலில் ஆட்டம் கண்டது அமெரிக்காவில். 1978-ல் அங்கே கட்டணக் கட்டுப்பாடு நீங்கியதும் டிக்கெட் விலை சரிந்தது. 1987-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் ராபர்ட் கிராண்டால், சாலட்டில் போடும் ஆலிவ் காயில் ஒன்றைக் குறைத்து வருஷத்துக்கு 40,000 டாலர் மிச்சம் பிடித்த கதையை இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது வெறும் சிக்கனக் கதை. பண்டத்தைக் குறைப்பது ஒரு வேலை, அதே பண்டத்தை வெளியே எடுத்து வைத்து விலை எழுதுவது வேறு வேலை. அந்த இரண்டாவது வேலை அங்கே பெரிய அளவில் 2008-ல் நடந்தது. கச்சா எண்ணெய் பீப்பாய் 140 டாலரைத் தாண்டிய அந்தக் கோடையில், அதே அமெரிக்கன், ஜூன் 15 முதல் செக்-இன் செய்யும் முதல் பெட்டிக்கே 15 டாலர் என்றது. ஊரே திட்டியது. அடுத்தடுத்து மற்றவர்களும் அதையே செய்தார்கள். பெரிய நிறுவனங்களில் முதலில் போட்டவருக்குத் திட்டும் பணமும். பின்னால் வந்தவர்களுக்குப் பணம் மட்டும். இதில் ஒரு உள்கணக்கும் உண்டு. அங்கே உள்நாட்டுக் கட்டணத்துக்கு 7.5 சதவீத வரி. பெட்டிக்குத் தனியாக வாங்கும் காசுக்கு அந்த வரி கிடையாது.

நம் நாட்டில் 2003-ல் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் வந்தது. 'சூரரைப் போற்று' பார்த்தவர்களுக்கு அந்த மனிதரின் சாயல் தெரியும். ஒரு ரூபாய் டிக்கெட்டைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். உள்ளே சாப்பாட்டையும் தண்ணீரையும் காசுக்கு விற்றதுதான் பின்னாலும் நிலைத்தது. 2013-ல் இலவச லக்கேஜ் 20 கிலோவிலிருந்து 15 ஆனது. ஜன்னலோரத்துக்கு ஒரு விலை, கால் நீட்ட இடமுள்ள வரிசைக்கு ஒரு விலை என்று கிளம்பியதும் அப்போதுதான். 2021-ல், பெட்டியே கொண்டு வராதவருக்கு டிக்கெட்டைக் குறைத்துத் தரலாம் என்று அனுமதி கிடைத்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் குறைந்த விலை கண்ணில் பட்டதும் அதுதான் டிக்கெட் விலை என்று மனசு எழுதிக்கொள்கிறது. பெட்டி அன்றிலிருந்து கூடுதல் செலவாகிவிடுகிறது. தியேட்டர்காரர் பாப்கார்னிலும் பார்க்கிங்கிலும் பிழைப்பதில்லையா, அந்தக் கதைதான்.

நொடித்துப்போன நிறுவனம் இந்த வழியில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குத் தாய்லாந்தின் தாய் ஏர்வேஸைத்தான் சொல்வேன். 2020-ல் கொரோனாவில் விமானங்கள் தரையில் நிற்க, நிறுவனம் திவால் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் சீரமைப்புக்குப் போனது. பாங்காக் தலைமை அலுவலக உணவகத்தில் விமான இருக்கைகளைப் போட்டு, பணிப்பெண்கள் வரவேற்க, விமானச் சாப்பாட்டைத் தரையிலேயே பரிமாறினார்கள். விமானிகள் பழகும் சிமுலேட்டரில் காசு கட்டி யாரும் உட்காரலாம் என்றார்கள். எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது பாதொங்கோ. காலையில் காபியோடு தின்னும், எண்ணெயில் பொரித்த மாவுத்துண்டு அது. மலேசியா, சிங்கப்பூர் போய் வந்தவர்கள் சீனர் கடைகளில் அதன் அண்ணன் தம்பிகளைப் பார்த்திருப்பார்கள். மூன்று துண்டும், ஊதா நிறச் சர்க்கரைவள்ளிக் கிழங்கில் செய்த கஸ்டர்டும் சேர்த்து ஒரு பெட்டி 50 பாத். விடிகாலையிலேயே வரிசை. மாதம் சுமார் 1 கோடி பாத் வசூல் என்று செய்தி உலகமெல்லாம் போனது.

சந்தோஷமான செய்திதான். ஆனால் கணக்கு நோட்டைத் திறந்தால், அந்த வருஷத்தின் முதல் ஆறு மாதத்தில் மட்டும் நட்டம் சுமார் 2,800 கோடி பாத். வந்த வசூலை அப்படியே லாபம் என்று வைத்துக்கொண்டாலும், அந்த ஆறு மாத ஓட்டையை அடைக்க 230 வருஷத்துக்கு மேல் மாவு பொரிக்க வேண்டும். பாதொங்கோ கொடுத்தது விளம்பரம். தரையில் நின்ற ஊழியர்களுக்கு ஒரு வேலை. நிறுவனம் 2025 ஆகஸ்டில் மறுபடி பங்குச் சந்தைக்குள் வந்ததற்குக் காரணம் வேறு: ஆட்களை ஏறக்குறைய பாதியாக்கியது, விமானங்களைக் குறைத்தது, கடன்காரர்களோடு பேசி முடித்தது. இவற்றையெல்லாம் பெட்டியில் போட்டு 50 பாத்துக்கு விற்க முடியாது என்பதால் யாரும் வரிசையில் நிற்கவில்லை.

பெரிய பணம் எப்போதும் பயணியின் கண்ணில் படாத இடத்தில்தான் இருக்கிறது. 2020 ஏப்ரல் 7 அன்று ஸ்பைஸ்ஜெட் டெல்லியிலிருந்து சென்னைக்கு ஆளே இல்லாத பயணிகள் விமானத்தை அனுப்பியது. இருக்கைகளின் மேலும் கீழறையிலுமாக 11 டன் சரக்கு. மூட்டை ஜன்னலோரம் கேட்காது, தண்ணீர் கேட்காது. அதேபோல், லண்டன் ஹீத்ரோவில் விமானம் இறங்கி ஏறக் குறித்த நேரமும் ஒரு சொத்து. ஜெட் ஏர்வேஸ் 2013-ல் அப்படி மூன்று ஜோடி நேரங்களை எதிகாத் விமான நிறுவனத்துக்கு 7 கோடி டாலருக்கு விற்று, அதே நேரங்களை வாடகைக்கும் எடுத்தது. வீட்டை விற்றுவிட்டு அதே வீட்டில் குடியிருப்பது. 2019 ஏப்ரலில் ஜெட் நின்றேபோனது.

எல்லாவற்றையும்விட ஆழமான குடம், பாயின்ட். அமெரிக்கன் 1981-ல் அடிக்கடி பறப்பவர்களுக்கு நன்றியாக, பறந்த மைலுக்கு இத்தனை என்று ஆரம்பித்தது. இன்று வங்கிகள் அந்த மைல்களை மொத்தமாக விலைக்கு வாங்கி, கார்டு தேய்ப்பவர்களுக்குக் கொடுக்கின்றன. வாசலில் கட்டிய மாடு போல மாதாமாதம் கறக்கும், விமானம் பறந்தாலும் நின்றாலும். 2020-ல் யுனைடெட் தன் மைல் திட்டத்தை அடகு வைத்து 680 கோடி டாலர் திரட்டியபோது, அந்தத் திட்டத்துக்குப் போட்ட மதிப்பு சுமார் 2,200 கோடி டாலர். முழு நிறுவனத்தின் அன்றைய பங்குச் சந்தை மதிப்பைவிட அதிகம்.

பெட்டிக் கட்டணத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்பிரிட் இருக்கிறது. தலைக்கு மேல் வைக்கும் கைப்பைக்கே 2010-ல் காசு கேட்ட அமெரிக்க நிறுவனம். விலை எழுத முடிந்த எல்லாவற்றுக்கும் எழுதிப் பார்த்துவிட்டு, 2024 நவம்பரில் ஒருமுறை, 2025 ஆகஸ்டில் மறுமுறை என்று திவால் நீதிமன்றப் படி ஏறியது. இலவசப் பெட்டி என்பதையே விளம்பர வாசகமாக வைத்திருந்த சவுத்வெஸ்ட் 2025 மே 28 முதல் தானும் கட்டணம் வாங்கத் தொடங்கியது. எல்லாக் கடையிலும் சட்னிக்குக் காசு என்றானபின், எந்தக் கடைக்கும் அதனால் தனி அனுகூலம் இல்லை.

பெரியப்பாவின் பெட்டி இரண்டு கிலோ அதிகம். பணம் கட்டச் சொன்ன நிறுவனத்தின் பெயர் எதற்கு, எல்லோரும் கேட்பதுதான். கார்டைத் தேய்த்துவிட்டு வந்தேன். ஊர் போய்ச் சேர்ந்து, ராத்திரி போனில் பேசினார்.

"தண்ணி ஊத்தினா நூடுல்ஸ் ஆகுற கப் ஒண்ணு வாங்கினேம்ப்பா. மிட்டாயும் இல்ல, பஞ்சும் இல்ல. ஒரு மரக் கரண்டி குடுத்தாங்க."

"சாப்பிட்டீங்களா பெரியப்பா?"

"சாப்பிட்டேன். கரண்டிய எடுத்துட்டு வந்துட்டேன். இந்தத் தடவ ஒளிச்சு வைக்கலப்பா, காசு குடுத்ததுதானே."